எட்டு வரிப் பள்ளம்

சென்ற மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்து அடியில், சவர்க்கார விளம்பரத்துக்கு மேலே, ஆறு வரியில் ஒரு துணுக்கு வெளியாகியிருந்தது. மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்துகிறான், மிகுதி ஒன்பது பங்கும் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது என்று அது சொன்னது. யார் கண்டுபிடித்தது, உறங்கும் பங்கை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. "அறிஞர் கூறுவர்" என்று முடிந்திருந்தது.

அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் ஒருவர் மறுநாளே என் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்ப் பத்திரிகை எப்படி நடந்தது என்று சிறப்பிதழுக்கு எழுதித் தரவேண்டும் என்றார். நான் ஏழாம் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தேன்.

"இதை ஆர் தம்பி எழுதினது?"

"அது பழைய துணுக்கு ஐயா. பக்கம் குறைஞ்சா போடுறது. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

"எழுதினது நான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உறங்கிக் கிடக்கிறது" என்பது என் சொல். "அறிஞர் கூறுவர்" என்பதும் என் சொல். பத்திரிகைகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுப்பது வழக்கம். செய்தியை எடுத்தால் பெயர் போடுவார்கள்; துணுக்கை எடுத்தால் போடுவதில்லை. இப்படியே என் ஆறு வரி ஒரு யுத்தத்தையும் ஒரு சுதந்திரத்தையும் கடந்து வந்திருக்கிறது. தலையில் எந்த இடத்தில் அடிபட்டாலும் மனிதன் ஏதோ ஒன்றை இழக்கிறான் என்பதை எந்த வைத்தியசாலைத் தாதியைக் கேட்டாலும் சொல்வார். உறங்கும் பங்கு என்று ஒன்று இருந்தால் அங்கே அடிபட்டவன் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். இதை யோசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை. எனக்குப் பின் வந்தவர்களும் செலவிடவில்லை.

இந்த ஆறு வரியால் எவரும் எதையும் இழந்ததாக எனக்குத் தெரியாது. நான் எழுதிய இன்னொரு துணுக்கு இருக்கிறது. அது எட்டு வரி. அதனால் ஒருவர் வேலை இழந்தார். தம்பி கேட்ட கட்டுரை இதுவாக இராது. எனக்கு எழுத இருப்பது இதுதான்.

எங்கள் பத்திரிகை மாலைப் பத்திரிகை. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். மருதானைச் சந்தியிலிருந்து ஐந்து நிமிட நடையில் அதன் அச்சகம் இருந்தது. இருபது வயதில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். புரூஃப் தாளில் பிழை பார்ப்பது வேலை. நாலு வருடத்தில் உதவி ஆசிரியராக்கி, நாலாம் பக்கத்தைப் பொறுப்பாகத் தந்தார்கள். ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது அந்தப் பக்கத்தை மூடுகிற வேலையில்தான்.

பகல் ஒன்றரை மணிக்குப் பக்கம் மூட வேண்டும். ஒரு மணிக்கு ஈய எழுத்துகளால் கோத்த பத்திகளை இரும்புச் சட்டத்துக்குள் அடுக்குவார்கள். செய்தி எப்போதும் சரியாக நிரம்பாது. ஆறு வரியோ எட்டு வரியோ குறையும். அந்த வெற்றிடத்தை நாங்கள் பள்ளம் என்போம். அச்சுக்கோப்பாளர்களின் தலைவர் ஹனீபா நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் வழக்கம். முப்பது வருட அனுபவம். அவர் சட்டத்தில் கையை வைத்து, "தம்பி, எட்டு வரிப் பள்ளம்" என்பார். நான் ஒரு துணுக்கு எடுத்துக் கொடுப்பேன்.

கொடுப்பதற்கு ஒரு துத்தநாகத் தட்டு இருந்தது. அதில் கோத்தபடியே நிற்கும் துணுக்குகள் இருபது இருபத்தைந்து இருக்கும். மற்ற எழுத்துகளை அச்சானதும் பிரித்து எழுத்துக்கேசின் குழிகளில் போட்டுவிடுவார்கள். துணுக்கை மட்டும் பிரிப்பதில்லை. நூலால் கட்டி, திரும்பவும் தட்டில் வைப்பார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு பள்ளத்துக்கு அது மறுபடி போகும். செய்தி ஒரு நாள்தான் வாழும். துணுக்குக்குச் சாவே இல்லை.

அவற்றை எழுதியவன் நான். பழைய ஆங்கில மாத இதழ்கள், லேகியக் கடை நோட்டீசுகள், யாரோ தேநீர்க் கடையில் சொன்னது எல்லாமே மூலந்தான். தலை பெருத்தவன் அறிவு பெருத்தவன் என்று எழுதினேன். இடக்கையால் எழுதுகிற பிள்ளைக்கு மூளை பின்புறமாக வளர்ந்திருக்கிறது என்றும் எழுதினேன். எந்த வாசகரும் மறுத்து ஒரு தபாலட்டை போடவில்லை. இடம் நிரம்பியது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இனி அச்சக மனேஜர் திரு. ராசநாயகம்.

அவர் கெட்டவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் காரியம் சுலபமாக இருந்திருக்கும். அவரும் வெள்ளவத்தைக்காரர். ஒரே ரயிலில் போய் வருவோம். யாரையும் நீ என்று அழைத்ததில்லை. எழுத்துக்கேஸ் முன் நின்று வேலை தொடங்கி, பதினெட்டு வருடத்தில் மனேஜர் நாற்காலிக்கு வந்தவர். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மண்டைப் படம் தொங்கியது. மொட்டைத் தலை, அதன்மேல் கோடுகள், கோடுகளுக்குள் இலக்கங்கள். நினைவு ஓரிடம், நேர்மை ஓரிடம், மொழி ஓரிடம். எழுத்துக்கேசில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குழி இருப்பதுபோல் தலையிலும் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு குழி இருக்கிறது என்று அவர் நம்பினார். பெரிய குழியில் அதிகம் கிடக்கும், சிறிய குழியில் கொஞ்சம். இவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

வேலை கேட்டு வருபவரை இருத்தித் தேநீர் வரவழைப்பார். பிறகு மேசை லாச்சியில் இருந்து ஒரு சிகரெட் டின்னை எடுப்பார். உள்ளே தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவுநாடா. புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி ஓர் அளவு, காதிலிருந்து காதுக்கு உச்சி வழியாக ஒன்று, மூக்கடியிலிருந்து பிடரி வரை ஒன்று. மூன்றையும் நீலக் கொப்பியில் எழுதி, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். "பாரம் இழுக்கிற தலை" என்றால் மெஷின் பக்கம். "நுணுக்கமான தலை" என்றால் அச்சுக்கோப்பு.

என் தலையையும் அளந்தார். "உங்களுக்கு மொழி அறை நல்லா வளர்ந்திருக்கு தம்பி" என்றார். நான் அன்று மாலை ரயிலில் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் நம்மைப் புகழ்கிற விஞ்ஞானத்தை நாம் சோதிப்பதில்லை.

ஹனீபா நானா மட்டும் அளக்க விடவில்லை. "தொப்பி தெச்சுத் தாறதெண்டா அளங்க சேர்" என்றார். மனேஜர் அதற்குக் கோபிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து அளந்து என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

யோசேப்பு அண்ணன் எழுத்துப் பிரிப்பவர். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். அதற்கு முன் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றியவர். அவருடைய தமையன் அதே வேலையில் நெஞ்சு கெட்டு இறந்தபோது, இவருக்கும் இருமல் தொடங்கியிருந்தது. பங்குச் சுவாமியார் ஒருவரின் கடிதத்தோடு எங்களிடம் வந்தார். அப்போது முப்பத்துநாலு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. நாடா சுற்றிப் பார்த்த மனேஜர், "பாரம் இழுக்கிற தலை" என்றார். ஆனால் மெஷின் பக்கம் இடம் இருக்கவில்லை. பிரிப்பதற்கு ஆள் தேவைப்பட்டது.

அச்சான மறுநாள் காலை, முந்திய நாளின் பத்திகளைப் பிரிப்பார்கள். நாலைந்து வரியை ஈரத்துணியால் நனைத்து இடக்கையில் ஏந்த வேண்டும். வலக்கையால் ஒரு சொல் அளவு எழுத்தைக் கிள்ளி, விரல்களுக்கிடையில் உருட்டி, ஒவ்வொன்றாக அதனதன் குழியில் விழுத்த வேண்டும். தமிழ்க் கேசில் இருநூறுக்கு மேல் குழிகள். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருக்கும். கையில் பிடிப்பதும் தலைகீழாக. ஓர் எழுத்துத் தவறிய குழியில் விழுந்தால் அடுத்த நாள் ஒரு சொல் பிழையாகும். பிழையானால் திட்டு வாங்குபவர் ஹனீபா நானா.

யோசேப்பு அண்ணன் முதல் வருடம் எழுத்தை வடிவம் பார்த்துப் போட்டார். ஆணியையும் திருகாணியையும் பிரிப்பதுபோல. மூன்றாம் வருடத்தில் ஒரு காலை என் மேசைக்கு வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, நேத்துச் சட்டசபைச் செய்தியில ஒரு வரி ரெண்டு தரம் வந்திருக்கு" என்றார். பார்த்தேன், வந்திருந்தது. அச்சாகி, விற்று, கடலை சுற்றுகிற கடதாசியாகியும் விட்டது. நன்றி சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூடம் காணாத ஒருவர் எப்படி அதைக் கண்டார் என்று நான் கேட்கவில்லை. செய்தித் தொழிலில் இருந்த என் முன்னால் ஒரு செய்தி நடந்து வந்து நின்றது. நான் பிழையைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

அவர் வாசிக்கக் கற்றிருந்தார். யாரும் கற்பிக்கவில்லை. உலகச் செய்தி முழுவதையும் ஒரு நாள் பிந்தி, தலைகீழாக, ஈயத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் வந்தது. ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, ஒரு வாரத்துக்குள் எங்கள் அச்சுக்கூடம் பாதி காலியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணம் போனார்கள். இந்தியத் தொழிலாளர்கள் தலைமன்னார் வழியாக அக்கரைக்குப் போனார்கள். ஒன்பது அச்சுக்கோப்பாளரில் நாலு பேர் மிஞ்சினார்கள். அதே காலத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் பக்கமும் குறைந்தது. பிரிப்பதற்கென்று இனித் தனி ஆள் இல்லை, கோப்பவரே பிரிக்க வேண்டும் என்று முதலாளி எழுதி அனுப்பினார். யோசேப்பு அண்ணனுக்கு மாதக் கடைசி வரை தவணை.

ஆக, அச்சுக்கோப்பதற்கு ஆள் இல்லாமல் தவிக்கிற ஓர் இடத்திலிருந்து, இருநூறு குழியையும் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடிய ஒருவர் வெளியே போக வேண்டும். அவருக்கு நாலு பிள்ளைகள். போனால் துறைமுகம் ஒன்றுதான். யுத்த காலத்தில் அங்கே கரிக்கு ஆள் எப்போதும் வேண்டும்.

ஹனீபா நானா மனேஜரிடம் போனார். "யோசேப்புட கையில ஒரு ஸ்டிக்கக் குடுங்க சேர். ரெண்டு மாசத்துல ஆள் ரெடி." ஸ்டிக் என்பது வரி கோக்கிற சின்ன உலோகத் தட்டு. அது கைக்கு வந்தால் பிரிப்பவர் அச்சுக்கோப்பாளராகிவிடுவார். மனேஜர் சோதித்துப் பார்க்கலாம் என்றார். குறிப்பெடுப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி. யோசேப்பு அண்ணன் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலி நுனியில் இருந்தார்.

"தேத்தண்ணி குடிச்சீங்களோ யோசேப்பு?"

"குடிச்சேன் ஐயா."

"தலையைக் கொஞ்சம் நிமித்துங்கோ."

நாடா சுற்றியது. மூன்று அளவு. மை காய்ந்தது.

"வயசு?"

"நாப்பத்தொண்ணு ஐயா."

"எங்க படிச்சனீங்கள்?"

"படிக்கல்ல ஐயா. இங்க வந்துதான், எழுத்தப் போட்டுப் போட்டு."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல ஐயா."

மனேஜர் முந்திய நாள் பத்திரிகையை நீட்டி, முதற்பக்கத்தை வாசிக்கச் சொன்னார். யோசேப்பு அண்ணன் அதை இரு கையாலும் வாங்கினார். வாங்கியதும், யோசியாமலே, தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

"நேராப் பிடியுங்கோ" என்றார் மனேஜர்.

நேராகப் பிடித்தார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, முதல் வரியை முடிக்க ஒரு நிமிடம் எடுத்தார். நெற்றி வேர்த்தது. "ஐயா, நான் வாசிப்பேன். இப்பிடி இல்ல" என்றார். எப்படி என்று மனேஜர் கேட்கவில்லை. கொப்பியில், "பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தார்" என்று எழுதினார்.

எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஏழு வருடம் அவர் எழுத்தைப் பார்த்த விதம் அதுதான். நீந்தத் தெரிந்தவனைத் தார் ரோட்டில் நீந்தச் சொல்லிப் பார்க்கிறோம். சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் மனேஜர் கொப்பியின் பின்னட்டையைத் திருப்பினார். அங்கே ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது.

"உங்களில எனக்கு ஒரு குறையும் இல்லை யோசேப்பு. இது உங்கட பிழையும் இல்லை. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு மூளை இறுகிப்போகும். அதுக்குப் பிறகு புதுக் கைத்தொழில் ஒண்டும் ஏறாது. மேல்நாட்டு வைத்தியர்மார் கண்டுபிடிச்சது. எங்கட பத்திரிகையிலயே வந்திருக்கு."

என் துணுக்கு. எட்டு வரி.

நான் வாயை மூடிக்கொண்டேன். யோசேப்பு அண்ணன் எழுந்து, "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். குறிப்புத் தாளில் நேரத்தை மட்டும் எழுதினேன்: பத்து இருபது.

அந்தத் துணுக்கு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். மூலம் ஒரு வல்லாரை லேகிய நோட்டீசு. "ஐம்பது வயதுக்குப் பின் மூளை இறுகும், ஆகவே வாங்கிச் சாப்பிடுங்கள்" என்பது அதன் சாரம். நான் அதை எட்டு வரிப் பள்ளத்துக்காக வெட்டி எழுதினேன். லேகியத்தை நீக்கி, மேல்நாட்டு வைத்தியரைச் சேர்த்தேன். கோத்துப் பார்த்தபோது கடைசி வரி பாதியில் நின்றது. "இன்னும் ஒரு நாலு எழுத்துக் குடுங்க தம்பி" என்றார் ஹனீபா நானா. ஐம்பது என்பதை இருபத்தைந்து என்று மாற்றினேன். வரி நிரம்பியது. மனித மூளையை இருபத்தைந்து வருடம் முன்கூட்டியே இறுக்குவதற்கு எனக்கு அரை நிமிடம் எடுத்தது.

அன்று பின்னேரம் மனேஜரின் அறைக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன். லேகியம், பள்ளம், நாலு எழுத்து எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் எதை நினைச்சு எழுதினாலும் விசயம் சரிதானே தம்பி" என்றார். "என்ர அனுபவத்திலயும் அப்படித்தான்."

"நான் இட்டுக்கட்டினது சேர்."

"ஆயிரம் பேர் வாசிச்சு ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேல்லை. அச்சில வந்ததை நாங்களே இல்லை எண்டு சொன்னால், நாளைக்குப் பத்திரிகையை ஆர் நம்புவினம்?"

இந்த வசனத்தை எத்தனையோ மனேஜர்மார் வாயில் பிறகு கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பொய்யை எழுதியவனே வந்து பொய் என்று சொல்கிறான். அவன் சொல்லுக்கு மதிப்பில்லை, அச்சுக்கு மதிப்பிருக்கிறது. அச்சு என்பது நானும் ஹனீபா நானாவும் நாலு எழுத்துந்தான் என்பது அவருக்குத் தெரியாதா? பதினெட்டு வருடம் அதற்குள் நின்றவர்.

விசயத்தை ஹனீபா நானாவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கடதாசியக் குடுத்தா அந்த மனிசன் என்ன செய்வார்? அவர் ஈயத்துலல்லவா ஓதியீக்கிறார்."

மறுநாள் அவரே மனேஜரைக் கல்லடிக்குக் கூட்டிவந்தார். கல் என்றால் பக்கம் அடுக்குகிற இரும்பு மேசை. அன்று காலை கோத்து, இன்னும் மை படாத ஒரு பத்தி அதில் இருந்தது. யோசேப்பு அண்ணன் அதைப் பார்த்திருக்க வழியில்லை. நானா அவரைப் பத்தியின் தலைமாட்டுப் பக்கம் நிறுத்தி, "வாசிங்க" என்றார்.

அவர் வாசித்தார். நிறுத்தாமல், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, அரிசிப் பங்கீட்டுச் செய்தி ஒன்றை முழுவதும் வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நின்று, "இதில ஒரு எழுத்து வேற பொயின்ட் நானா" என்று விரலால் காட்டினார். அளவு மாறிய ஓர் எழுத்து அங்கே நின்றது. புரூஃப் தாளில் நான்கூட விட்டிருப்பேன்.

நான் மனேஜரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வாசிப்பு இல்லை நானா. கைப்பழக்கம். கைப்பழக்கம் முதுகுத்தண்டோட சேந்தது. கம்போசிங்குக்கு மூளை வேணும்."

"அப்ப என்ட முப்பது வருசமும் முதுகுலயா சேர் ஈக்கிது?"

கேசுகளின் முன் நின்ற மூவரும் சிரித்தார்கள். மனேஜரும் மரியாதைக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு, "கொப்பியில எழுதியாச்சு" என்றார். போய்விட்டார்.

கைப்பழக்கம் வேறு, அறிவு வேறு என்ற பேச்சை இன்றும் படித்தவர்கள் பேசுகிறார்கள். திரும்பத் திரும்பச் செய்ததால், பிழைவிட்டுத் திருத்தியதால், ஒரு நாளும் விடாததால் ஒருவருக்கு ஒன்று வந்திருக்கிறது. கற்றல் என்பதற்கு இதைவிட வேறென்ன பெயர்? பள்ளிக்கூடத்தில் வந்தால் மூளை, பட்டறையில் வந்தால் முதுகுத்தண்டு. நாடாவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை வசதியானது.

மாதக் கடைசி சனிக்கிழமை. யோசேப்பு அண்ணனின் கடைசி நாள். காலையில் நான் ஒரு தாளில் எட்டு வரி எழுதி ஹனீபா நானாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் சொந்த ஸ்டிக்கை எடுத்து யோசேப்பு அண்ணனின் கையில் வைத்தார்.

"கோத்துப் பாருங்க" என்றார்.

நாற்பது நிமிடம் எடுத்தது. ஹனீபா நானா பத்து நிமிடத்தில் முடிப்பார். நான் மிகைப்படுத்தத் தேவையில்லை. முதல் தடவை ஸ்டிக் பிடித்தவருக்கு நாற்பது நிமிடம் குறைவுதான். புரூஃப் எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இடைவெளி கூடியிருந்தது. வேறு பிழை இல்லை.

அவர் ஸ்டிக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, நான் அந்தப் பழைய எட்டு வரியைத் தட்டிலிருந்து எடுத்து, இதையும் பிரித்துவிடுங்கள் என்று நீட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் அதை எடுத்தேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. "பாடமாத் தெரியும் ஐயா" என்றார். "ஒவ்வொரு தரமும் அச்சானதும் கட்டித் தட்டில வைக்கிறது நான்தானே."

"இதை நீங்கள் வாசிச்சிருக்கிறீங்களோ?"

"வாசிக்கத் தொடங்கின வருசமே வாசிச்சேன். வாசிச்சாப் பிறகுதான் நானாகிட்ட ஸ்டிக் கேக்குற எண்ணத்த விட்டேன். நமக்கு வயசு போயிட்டுது, பேப்பர்லயே போட்டிருக்குன்னு."

பிறகு நூலை அவிழ்த்து, ஈரத்துணியால் துடைத்து, அந்த எட்டு வரியை எழுத்து எழுத்தாகக் குழிகளில் போட்டார். ஒன்றும் தவறவில்லை.

இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. இருபத்தைந்துக்குமேல் எதுவும் ஏறாது என்ற வரியை, முப்பத்துநாலுக்குமேல் தானாகக் கற்ற எழுத்தால் வாசித்து, அவர் அதை நம்பினார். தன் கையை நம்பவில்லை, என் வரியை நம்பினார். மனேஜர் அவரை ஒரு தடவை நிராகரித்தார். நான் நாலு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நிராகரித்துக்கொண்டிருந்தேன்.

பகல் ஒரு மணிக்கு ஹனீபா நானா புதிய எட்டு வரியை நாலாம் பக்கத்துப் பள்ளத்தில் வைத்தார். ஒன்றேகாலுக்கு மனேஜர் வழக்கம்போல் பக்கம் பார்க்க வந்தார். புரூஃப் கேட்கவில்லை. பக்கத்தின் தலைமாட்டில் போய் நின்று, தலைகீழாக, ஈயத்தில் அதை வாசித்தார். யோசேப்பு அண்ணன் வாசித்த அதே இடம், அதே விதம், ஏறக்குறைய அதே வேகம்.

"இதை எடுங்கோ" என்றார்.

பக்கம் மூடப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளம் பள்ளமாகவே அச்சுக்குப் போக முடியாது. நான் தட்டில் தேடி, ஆறு வரித் துணுக்கு ஒன்றை எடுத்து ஹனீபா நானாவிடம் கொடுத்தேன். மிச்சம் இரண்டு வரிக்கு அவர் ஈயத்தகடு வைத்தார். மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்துகிறான் என்ற துணுக்கு அது. யாருக்கும் கெடுதி இல்லாதது என்று நினைத்தேன்.

யோசேப்பு அண்ணன் பதினான்கு மாதம் கரியில் வேலை செய்தார். பிறகு வத்தளையில் செபப் பிரசுரமும் கலியாண அழைப்பும் அடிக்கிற ஒரு சிறிய அச்சகத்தில், ஹனீபா நானாவின் சொல்லில், அச்சுக்கோப்பாளராகச் சேர்ந்தார். அங்கே அளவுநாடா இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஆங்கிலக் கேசும் பழகினார் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சு நோயால் இறந்தார். அந்தப் பதினான்கு மாதந்தான் காரணமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது என்பதை நான் பிந்தித்தான் கற்றேன். இருபத்தைந்து வயதுக்கு வெகு காலம் பிறகு.

அன்று எடுத்த புரூஃப் துண்டு என்னிடம் இருக்கிறது. இடைவெளி கூடிய இடத்தில் என் நீலப் பென்சில் கோடும் இருக்கிறது. உதவி ஆசிரியர் தம்பி இந்தக் கட்டுரையை எங்கே வேண்டுமானாலும் வெட்டட்டும். கீழே உள்ள அந்தப் புரூஃப் வரிகளை மட்டும் முழுதாகப் போட வேண்டும். அளவு சரியாக எட்டு வரி.

"இருபத்தைந்து வயதுக்குப் பின் மூளை இறுகிவிடும் என்று இப்பத்திரிகையில் பல தடவை வெளியான குறிப்புக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதை எந்த வைத்தியரும் சொல்லவில்லை. வரி நிரம்புவதற்காக வயது மாற்றப்பட்டது. அதை நம்பி எவரேனும் ஒரு தொழிலைக் கற்காமல் விட்டிருந்தால் எழுதியவர் மன்னிப்புக் கேட்கிறார். இவ்வரிகளைக் கோத்தவர் இன்றுதான் முதன்முறையாக அச்சுக்கோக்கிறார். அவருக்கு வயது நாற்பத்தொன்று."